மோட்டார் போட டெலிகிராமா, வாட்ஸ்அப்பா?

ஊரில் அம்மா தனியாக இருக்கிறார். சம்பிலிருந்து மாடி டேங்குக்குத் தண்ணீர் ஏற்ற ஒரு ஹெச்பி மோட்டார். போட்டுவிட்டு மறந்தால் தண்ணீர் தெருவில் ஓடும். பக்கத்து வீட்டு அக்கா சத்தம் போட்டால்தான் தெரியும். அதனால் போனிலிருந்தே மோட்டாரைப் போட்டு நிறுத்த, ஒரு இஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள சின்னக் கணினிப் பலகை), ரிலே (போர்டு இயக்கும் சின்ன மின் சுவிட்ச்), காண்டாக்டர் (மோட்டாரின் மின்னோட்டத்தைத் தாங்கும் பெரிய சுவிட்ச்), ஃப்ளோட் சுவிட்ச் (நீர்மட்டம் ஏறினால் இயங்கும் மிதவை சுவிட்ச்) எல்லாம் வாங்கிப் பொருத்தினேன். (மோட்டாரை நேரே சின்ன ரிலேயில் கொடுக்காதீர்கள். காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்காது.) கட்டளை போக, தகவல் வர எந்த ஆப் என்பதில்தான் இரண்டு வாரம் ஓடியது.

ட்விட்டரை உடனே தள்ளிவிட்டேன். 2023-இல் அதன் ஏபிஐ-க்கு (நம் ப்ரோகிராம் அந்தச் சேவையோடு பேசும் வழி) கட்டணம் வந்தபின் வீட்டு மோட்டாருக்கு அது கட்டுப்படியாகாது.

வாட்ஸ்அப் அம்மா போனில் ஏற்கெனவே இருந்தது. முதலில் அதைத்தான் முயன்றேன். ஆனால் மெட்டாவின் கிளவுட் ஏபிஐ வியாபாரிகளுக்காகச் செய்தது. நாம் அனுப்பும் செய்தியை அது ஒரு பொது இணைய முகவரிக்குத் தள்ளும். அதை வாங்க ஹெச்டிடிபிஎஸ் உள்ள சர்வர் எந்நேரமும் விழித்திருக்க வேண்டும். எங்கள் வீட்டு இணைப்பில் வெளியிலிருந்து எட்டக்கூடிய தனி ஐபி முகவரி கிடையாது, ஆகவே சர்வருக்கு மாத வாடகை. நாம் கடைசியாகப் பேசி 24 மணி நேரம் தாண்டிவிட்டால், முன்கூட்டியே அனுமதி வாங்கிய டெம்ப்ளேட்டை (மாதிரிச் செய்தியை) மட்டும்தான் போர்டு அனுப்ப முடியும், அதற்கும் காசு. வாட்ஸ்அப் வெப் வழியாக ஓட்டும் இலவச லைப்ரரிகள் (ஆயத்த நிரல்கள்) உண்டு, ஆனால் நம்பர் முடக்கப்படலாம். இதையெல்லாம் சோதனை அளவில்தான் பார்த்தேன். ஏற்கெனவே சர்வர் வைத்திருப்பவருக்கு இவ்வளவு சுமையாக இருக்காது.

டெலிகிராமில் திசையே வேறு. அங்கே பாட் (ப்ரோகிராம் இயக்கும் கணக்கு) உருவாக்கித் தரும் பாட்ஃபாதரிடம் ஒரு பெயர் சொன்னால் டோக்கன் (அந்த பாட்டுக்கான ரகசியச் சாவி) கிடைக்கும். அப்புறம் போர்டே வெளியே போய், "ஏதாவது செய்தி இருக்கா?" என்று கேட்டு வாங்கிக்கொள்ளும். சர்வர் வேண்டாம், ரவுட்டரில் எதையும் திறந்துவிட வேண்டாம். எட்டு மாதத்தில் நான் தொட்டது இரண்டே தடவை: வைஃபை பாஸ்வேர்டு மாறியபோதும், கீழே சொல்லும் சிக்கலின்போதும். வெளியூரில் இருந்துகொண்டு பார்த்துக்கொள்ள வேண்டிய எனக்கு இது ஒன்றே போதுமானதாக இருந்தது.

ஒரு தடவை நானே மாட்டிக்கொண்டேன். கரண்ட் இல்லாத நேரத்தில் "மோட்டார் ஆன்" அனுப்பி, பதில் வராததால் விட்டுவிட்டேன். மூன்று மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்ததும், போர்டு அந்தப் பழைய செய்தியை எடுத்து மோட்டாரைப் போட்டுவிட்டது. வாங்கப்படாத செய்திகளை டெலிகிராம் 24 மணி நேரம் வரை வைத்திருக்கும். இப்போது அனுப்பிய நேரத்தைப் பார்த்து, இரண்டு நிமிடத்துக்கு மேல் பழையதைத் தூக்கிப்போடும்படி எழுதியிருக்கிறேன். சாட் ஐடி (செய்தி எந்த அரட்டையிலிருந்து வந்தது என்று காட்டும் எண்) சரிபார்ப்பையும் விட்டுவிடாதீர்கள். பாட்டின் பெயர் தெரிந்த யாரும் அதற்குச் செய்தி அனுப்பலாம். பாட்டுடனான பேச்சு முழு மறையாக்கம் (இரு முனையில் உள்ளவர்களைத் தவிர யாரும் படிக்க முடியாத பூட்டு) பெற்றதும் அல்ல. மோட்டாருக்கு அது பரவாயில்லை, வாசல் பூட்டுக்கு நான் பயன்படுத்த மாட்டேன்.

அம்மாவைப் புது ஆப்புக்குப் பழக்குவதுதான் சிரமமாக இருந்தது. தட்டச்சு வேண்டாமென்று "மோட்டார் ஆன்", "மோட்டார் ஆஃப்" என்று தமிழிலேயே இரண்டு பொத்தான் வைத்துக் கொடுத்தேன். பழைய சுவிட்சையும் கழற்றவில்லை. எந்த வழியில் போட்டாலும் டேங்க் நிரம்பியதும் ஃப்ளோட் சுவிட்ச் தானே நிறுத்திவிடும், அதற்கு இணையம் தேவையில்லை.