செக்‌ஷன் டி.ஏ.வா, கிரேடரா? புள்ளியியல் துறையில் எந்த வேலைக்கு முதல் டிக் போடுவது

அமெரிக்காவுக்குப் புள்ளியியல் எம்.எஸ். படிக்கப் போகிற நம்மூர்ப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஆகஸ்ட் பிறந்தால் ஒரே பேச்சுதான்: டி.ஏ. (டீச்சிங் அசிஸ்டென்ட், அதாவது கற்பித்தல் உதவியாளர்) வேலை கிடைத்ததா, விடைத்தாள் திருத்தும் கிரேடர் வேலையாவது கிடைக்குமா? ஏதாவது ஒன்று கிடைத்தால் போதும் என்று இருக்கும்போது எது நல்லது என்று கேட்க யாருக்கும் தோன்றாது. ஆனால் பல துறைகள் செமஸ்டருக்கு முன்னால் ஒரு விருப்பப் படிவம் அனுப்புகின்றன. முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம், எந்தப் பாடம் என்றெல்லாம் கேட்பார்கள். அவசரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பிவிட்டு, பிறகு நான்கு மாதம் புலம்புகிறவர்கள் நிறையப் பேர்.

பெயர்கள் இடத்துக்கு இடம் மாறும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் டி.ஏ.வை ஜி.எஸ்.ஐ. என்பார்கள், அந்தப் பல்கலைக்கழக வளாகங்களில் கிரேடருக்கு ரீடர் என்று பெயர். வேலை ஒன்றுதான். பேராசிரியர் பெரிய அரங்கில் நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பாடம் நடத்துவார். அவர்களையே இருபது முப்பது பேராகப் பிரித்து வாரம் ஒருமுறை உட்காரவைத்துக் கணக்குப் போடவைப்பது செக்‌ஷன் டி.ஏ. யார் முகத்தையும் பார்க்காமல் விடைத்தாளை மட்டும் திருத்துவது கிரேடர். இது போக, உதவி மையத்தில் உட்கார்ந்து வருகிறவர்களின் சந்தேகத்தைத் தீர்க்கும் வேலையும் உண்டு.

முதலில் பணம். இதில் போட்டியே இல்லை. டி.ஏ. என்றால் பெரும்பாலும் ‘50 சதவீத நியமனம்’, அதாவது வாரத்துக்கு 20 மணி நேரம். மாதச் சம்பளத்தோடு பல இடங்களில் கல்விக் கட்டணத் தள்ளுபடியும் சேர்ந்து வரும். முழுத் தள்ளுபடியா, வெளிமாநிலத்தவருக்கான கூடுதல் கட்டணம் மட்டுமா என்பதை நியமனக் கடிதத்தில் வரி வரியாகப் பாருங்கள். கிரேடருக்குப் பெரும்பாலும் மணிக்கணக்குக் கூலிதான். இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாமே என்றால், எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாக வேலை வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இந்த 20 மணி நேர டி.ஏ. வாங்கியவருக்கு அதற்கு மேல் ஒரு மணி நேரம்கூடக் கிடையாது.

வரி விஷயமும் இங்கேயே. சம்பளத்துக்கு வருமான வரி உண்டு. டி.ஏ.வுக்கான கட்டணத் தள்ளுபடிக்கு வரி இல்லை. இந்திய மாணவர்களுக்கு இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவுப்படி ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுத்துக்கொள்ளலாம். மற்ற வெளிநாட்டு மாணவர்களுக்கு இது பொதுவாகக் கிடைக்காது, அதனால் உடன் படிக்கும் இலங்கை நண்பர் உங்கள் கணக்கைப் பார்த்து அப்படியே நிரப்பிவிட வேண்டாம்.

அப்புறம் ஏன் கிரேடர் வேலைக்கு இத்தனை கூட்டம்? ஒன்று, டி.ஏ. இடங்கள் முதலில் பிஎச்.டி. மாணவர்களுக்குப் போகின்றன. இரண்டு, பேச்சுத் தேர்வு. ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர் வகுப்பு எடுக்க வேண்டுமென்றால் டோஃபெல் பேச்சுப் பகுதியில் நல்ல மதிப்பெண் கேட்பார்கள், அல்லது பல்கலைக்கழகமே ஒரு வாய்மொழித் தேர்வு வைக்கும். மூன்றாவதை யாரும் வெளியே சொல்வதில்லை: கூச்சம். முப்பது அமெரிக்கப் பிள்ளைகளின் முன்னால் நிற்பதைவிட அறையில் காபியோடு தாள் திருத்துவது நிம்மதி என்று நினைக்கிறார்கள்.

அந்த நிம்மதி முதல் மிட்டெர்ம் (இடைத் தேர்வு) வரைதான். அறிமுகப் பாடத்தில் அடிக்கடி வரும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஒரு கல்லூரி மாணவர்களின் சராசரித் தூக்கத்துக்கு 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 6.4 மணி முதல் 7.0 மணி வரை, இதற்குப் பொருள் எழுதுக, 4 மதிப்பெண். ஒருவர் எழுதுவார்: 95 சதவீத மாணவர்கள் 6.4 முதல் 7 மணி நேரம் தூங்குகிறார்கள். தவறு, கேள்வி சராசரியைப் பற்றியது, தனி ஆட்களைப் பற்றியது இல்லை. இன்னொருவர்: மாதிரியின் சராசரி இந்த இடைவெளிக்குள் இருக்க 95 சதவீத வாய்ப்பு. இதுவும் தவறு. மாதிரியின் சராசரி நட்டநடுவில் 6.7-இல் இருக்கிறது, அதில் என்ன வாய்ப்பு வேண்டிக்கிடக்கிறது? மூன்றாமவர்: உண்மையான சராசரி இதற்குள் இருக்க 95 சதவீத நிகழ்தகவு. இங்கேதான் சிக்கல். பாடப்புத்தகக் கணக்கில் இதுவும் பிழை. இதே முறையில் திரும்பத் திரும்ப மாதிரி எடுத்து இடைவெளி கட்டிக்கொண்டே போனால், அவற்றில் சுமார் 95 சதவீதம் உண்மையான சராசரியைப் பிடிக்கும் என்பதுதான் சரியான பொருள். ஆனால் மூன்றாமவருக்கு விஷயம் பாதி புரிந்திருக்கிறது. அவருக்கு 3 கொடுப்பதா, 2 கொடுப்பதா? பேராசிரியர் கொடுத்த விடைக்குறிப்பில் இது இருக்காது. அத்தனை தாளிலும் ஒரே மாதிரி முடிவு எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் மறுமதிப்பீட்டுக் கோரிக்கைகள் வரிசை கட்டி வரும்.

இதற்குக் கிரேட்ஸ்கோப் என்னும் இணையவழித் திருத்தும் மென்பொருள் பெரிய உதவி. பெர்க்லியில் டி.ஏ.வாகத் தாள் திருத்திச் சலித்தவர்கள் தொடங்கியது அது, 2018-இல் காப்பியடிப்பைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் நிறுவனமான டர்னிடின் வாங்கிக்கொண்டது. ‘நிகழ்தகவு என்று எழுதியது: 1 குறை’ என்று ஒரு விதி போட்டுத் திருத்திக்கொண்டே போகலாம். நூறாவது தாளில் மனம் மாறி 2 குறைத்தால், ஏற்கெனவே திருத்திய தாள்களிலும் தானாக மாறிவிடும். சிவப்புப் பேனா காலத்தில் இந்த வசதியை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

கிரேடர் வேலையில் ஒரு லாபம் உண்டு. பிள்ளைகள் எங்கே எப்படித் தடுக்கி விழுகிறார்கள் என்பது பேராசிரியரைவிடக் கிரேடருக்குத்தான் தெரியும். குறை என்னவென்றால், தெரிந்து என்ன பயன்? அதைச் சொல்லிக் கொடுக்க அவருக்கு வகுப்பு இல்லை. திருத்தினார், மதிப்பெண் போட்டார், அடுத்த தாள்.

செக்‌ஷனில் அந்த வாய்ப்பு இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு: பெர்க்லியில் 1973-இல் மேற்படிப்புச் சேர்க்கை நடந்த விவரம் ஆர் என்னும் புள்ளியியல் மென்பொருளோடு கூடவே வருகிறது, எதையும் தரவிறக்க வேண்டாம். பெரிய ஆறு துறைகளில் விண்ணப்பித்த 2,691 ஆண்களில் 1,198 பேருக்கும், 1,835 பெண்களில் 557 பேருக்கும் இடம் கிடைத்தது. ஏறத்தாழ 45 சதவீதம், 30 சதவீதம். இதை மட்டும் பலகையில் எழுதிவிட்டுச் சும்மா நில்லுங்கள். வகுப்பு தானாகச் சண்டை போட ஆரம்பிக்கும். பத்து நிமிடம் விட்டுவிட்டு, துறைவாரியாகப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் துறையில் ஆண்களுக்கு 62 சதவீதம், பெண்களுக்கு 82! பெண்கள் அதிகம் விண்ணப்பித்தது யாருக்குமே எளிதில் இடம் கிடைக்காத துறைகளுக்கு. மொத்தத்தில் ஒரு திசையைக் காட்டும் தரவு, பிரித்துப் பார்த்தால் திசை மாறுவதற்குச் சிம்ப்சன் முரண் என்று பெயர் சொல்வதற்கு முன்பே பாதிப் பேருக்கு விஷயம் பிடிபட்டுவிடும். இந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாகக் கிரேடர் வேலையில் எதுவும் இல்லை.

கஷ்டமும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி செக்‌ஷன் புதிதாக வந்தவர் தலையில்தான் விழும். மாணவர்கள் சந்தேகம் கேட்க ஒதுக்கிய ஆஃபீஸ் ஹவர்ஸில் வாரம் முழுக்க ஈ ஓட்டிவிட்டு, வீட்டுப்பாடம் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தைய மாலை வாசல்வரை வரிசை நிற்கும். அவரவர் மடிக்கணினியில் ஆர் வெவ்வேறு விதமாக மக்கர் செய்யும், சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்த நிரல் ஏன் ஓடவில்லை என்று அதை எழுதாதவரிடம் விசாரிக்க வேண்டியிருக்கும்.

எந்தப் பாடம் என்பதில் நம்மவர்கள் பெரும்பாலும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பி.எஸ்சி.யில் நெய்மன்–பியர்சன் தேற்றத்தையும் கிராமர்–ராவ் சமனின்மையையும் நிரூபித்துப் பழகியவருக்கு மேல்நிலைக் கணிதப் புள்ளியியல்தான் சொந்த ஊர். அறிமுகப் பாடம் என்றால் இளப்பம். ஆனால் உளவியலும் நர்சிங்கும் படிக்கிற பிள்ளைக்குப் பி-மதிப்பு என்றால் என்ன என்பதைச் சூத்திரமே இல்லாமல் இரண்டு வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும். பின்னாளில் வேலைக்கான நேர்முகத் தேர்வில் கேட்கப்போவதும் ஏறக்குறைய அதுதான். ஆகவே செக்‌ஷன் என்றால் அறிமுகப் பாடம் கேளுங்கள். கிரேடர் என்றால் அப்படியே தலைகீழ்: மேல்நிலைப் பாடம். கூட்டம் குறைவு, நிரூபணம் சரியா தப்பா என்று தெளிவாகச் சொல்லிவிடலாம், தூக்கக் கணக்குபோல 3-ஆ 2-ஆ என்ற இழுபறி அதிகம் இருக்காது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்த வகுப்பில் உங்கள் அறைத்தோழர் இருந்தால் பேராசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாணவர் பதிவுகளைக் காக்கும் ஃபெர்பா சட்டம் 1974-இலிருந்து இருக்கிறது, ‘மச்சி, எனக்கு எவ்வளவு?’ என்ற கேள்விக்குச் சமையலறையில் பதில் சொல்ல முடியாது.

உதவி மையத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. திருத்தும் வேலை கிடையாது, மணி முடிந்தால் எழுந்து வந்துவிடலாம். பேச்சுத் தேர்வில் தயங்குபவர்களுக்கு ஒரு செமஸ்டர் பழகிக்கொள்ள ஏற்ற இடம்.

படிவத்தை அனுப்பும் முன் பேராசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, இறுதித் தேர்வை எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே நாளில் திருத்துவார்களா, அவரவர் தனியாகத் திருத்துவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தனியாக என்றால், கிரேடு பதிவேற்றும் கடைசித் தேதியைப் பார்க்காமல் டிசம்பரில் சென்னைக்கு டிக்கெட் போட வேண்டாம்.