வேலூர் டு ஃபிராங்க்பர்ட்: என் நோட்டுக் கணக்கு

மகள் ஜெர்மனிக்குப் போய் ஏழு வருஷம் ஆகிறது. நான் ஐந்து முறை போய்வந்துவிட்டேன். சத்துவாச்சாரியில் வீட்டைப் பூட்டுவதில் தொடங்கி அவள் வீட்டு வாசலை மிதிக்கும் வரை எல்லா நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

தூரம் காட்டும் தளங்களில் சென்னை–ஃபிராங்க்பர்ட் சுமார் 7,600 கிலோமீட்டர், பத்து மணி நேரம் என்று இருக்கும். தூரம் சரிதான். சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்தால் கோடு அரபிக்கடல், வளைகுடா மேலாகப் போகும். பேரனின் பூமி உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தேன். கராச்சிப் பக்கம் ஏறி, காஸ்பியன் கடலின் தென்கரையைத் தொட்டுப் போனது. அதுதான் குறுக்கு வழி. எங்காவது சண்டை வந்து வான்வழியை மூடினால் விமானம் சுற்றிப் போகும், நேரமும் கூடும்.

அந்தப் பத்து மணி நேரம் போகும்போது மட்டும். திரும்பும்போது ஏறத்தாழ ஒன்பதுதான். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே காற்று பலமாக வீசுகிறது. போகையில் எதிர்க்காற்று, வருகையில் அதுவே பின்னாலிருந்து தள்ளுகிறது. குளிர்காலத்தில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

ஆனால் வேலூர்க்காரருக்குப் பயணம் விமானத்திலா தொடங்குகிறது? அப்துல்லாபுரத்தில் விமானத்தளம் இருந்தாலும் வெளிநாட்டுக்குச் சென்னைதான் கதி. இரவு இரண்டு மணி விமானத்துக்கு, "ஏழு மணிக்கே கிளம்பிடலாம்மா" என்பார் கார் ஓட்டும் தம்பி. அவர் சொல்வதே சரி. சென்னசமுத்திரம் டோல் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் வரை சாலை வேலையில் ஒருமுறை மாட்டி, மூன்று மணி நேரப் பயணம் நாலரை மணி ஆனது. அன்று பட்ட தவிப்பை மறக்கவே முடியாது. பெட்டி ஒன்றுதான் என்றால் இப்போது காட்பாடியில் ரயில் ஏறிவிடுகிறேன். சென்ட்ரலுக்குச் சுமார் இரண்டு மணி நேரம், அங்கிருந்து மெட்ரோ நேராக விமான நிலையத்துக்கே போகிறது.

குடியேற்ற வரிசை, மகள் வீட்டுக்குப் போகும் ரயில் எல்லாம் சேர்த்தால் என் நோட்டில் சராசரி 19 மணி நேரம். வளைகுடாவில் மாறிப் போனால் டிக்கெட் சில சமயம் மலிவு, ஆனால் நடுவில் காத்திருப்பதும் சேரும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நேர் விமானத்தையே சொல்வேன்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம் என்பதையும் மறக்காதீர்கள். குளிர்காலத்தில் இரவு 2 மணிக்குக் கிளம்பிக் காலை 8 மணிக்கு இறங்கினால், ஆறு மணி நேரத்தோடு நாலரையைக் கூட்டுங்கள்: பத்தரை. கோடையில் மூன்றரை கூட்டினால் போதும். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரத்தை மாற்றுகிறார்கள்.

இந்த முறை அக்டோபர் நடுவில் போய் நவம்பரில் திரும்புகிறேன். போகும்போது மூன்றரை கூட்ட வேண்டும், வரும்போது நாலரை கழிக்க வேண்டும். நோட்டின் முதல் பக்கத்திலேயே இரண்டையும் பெரிதாக எழுதி வைத்துவிட்டேன்.