குரங்குக் காய்ச்சல்: பரிசோதனை ஆய்வா, சிகிச்சை ஆய்வா?

1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட, உண்ணி கடித்துப் பரவும் குரங்குக் காய்ச்சல் என்னும் வைரஸ் நோய்க்கான ஆராய்ச்சி நிதி, நோயைக் கண்டறியும் பரிசோதனை, குணமாக்கும் சிகிச்சை ஆகிய இரண்டில் எந்தப் பக்கம் போக வேண்டும்?

பரிசோதனைக்கு அடித்தளம் இருக்கிறது. காய்ச்சலின் முதல் சில நாட்களில் பிசிஆர் என்னும் ரத்தப் பரிசோதனை முறை வைரஸையும், அதன்பின் எலைசா என்னும் முறை வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளையும் காட்டிவிடும். ஆனால் விறகு பொறுக்கவும் சருகு அள்ளவும் காட்டுக்குள் போய்வந்தவரின் ரத்தமாதிரி தொலைவிலுள்ள ஆய்வகத்துக்குப் பயணப்படாமல், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முடிவு தெரியும் வசதி பரவலாக வேண்டும்.

சிகிச்சை ஆய்வுக்கே பெரும்பங்கு தரப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து நோயாளிகளைப் பலிகொள்ளும் இக்காய்ச்சலை விரைந்து கண்டறிந்தாலும், வைரஸை அழிக்கும் மருந்து இல்லாததால், உடலில் நீர்ச்சத்து குறையாமல் காப்பதும் ரத்தக்கசிவைக் கவனிப்பதுமே மருத்துவரால் இயல்கின்றன. பல ஆண்டுகள் போடப்பட்ட தடுப்பூசியும் போதிய பயன் தராததால் நிறுத்தப்பட்டுவிட்டது.