தபால்மூல வாக்கு விண்ணப்பம்: எனக்கு ஓரளவு சரி, தம்பிக்குக் கதவே இல்லை

இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். 2024 ஜனாதிபதித் தேர்தல், அப்புறம் பாராளுமன்றத் தேர்தல், 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தல் என்று மூன்றுக்கும் தபால்மூல வாக்குக்கு விண்ணப்பித்தேன்.

வாக்குப் போடுகிற வேலையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். வாக்குச்சீட்டு அத்தாட்சிப்படுத்தும் அலுவலரிடம் வரும், அவர் முன்னால் அடையாள அட்டையைக் காட்டி, யாருக்கும் தெரியாமல் புள்ளடி போட்டு உறையை ஒட்டிக் கொடுத்தால் சரி, கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும்.

விண்ணப்பம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. தேருநர் இடாப்பில், அதாவது வாக்காளர் பட்டியலில் உள்ள தொடர் இலக்கத்தை எழுத வேண்டும், இடாப்பை வருடா வருடம் திருத்துவதால் அந்த இலக்கமும் மாறும். முதல் தடவை நான் பழைய இலக்கத்தை எழுதிவிட்டேன், விண்ணப்பத்தை உறுதிப்படுத்திக் கையெழுத்து வைத்த அலுவலரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, நிராகரித்துவிட்டார்கள். தபால்மூல வாக்கு இல்லை என்றால் ஊர்ச் சாவடியில் போடலாம்தான், ஆனால் எனக்குத் தேர்தல் கடமை வேறு ஊரில். ஜனாதிபதித் தேர்தல் நாளான செப்டெம்பர் 21 முழுக்க மற்றவர்கள் விரலில் மை பூசிவிட்டு வெறும் விரலோடு வீட்டுக்கு வந்தேன். அன்று இரவு அழுதேன். 1948இல் குடியுரிமையும் அடுத்த வருடமே வாக்குரிமையும் பறிபோன மலையகத் தமிழ்ச் சனத்தின் பேத்தி நான், ஒரு இலக்கத்துக்காக வாக்கை விடுவது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. பிழையைத் திருத்த ஒரு வாரம் கொடுத்தால் என்ன?

ஆனாலும் எனக்கு விண்ணப்பிக்கவாவது முடிகிறது. தம்பி கொழும்பு புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறான், பெயர் இன்னும் தோட்டத்தில் உள்ள எங்கள் லயத்து வீட்டு முகவரியில்தான் பதிந்திருக்கிறது. அரச ஊழியர், பொலிஸ், முப்படை, ரயில்வே, போக்குவரத்துச் சபை என்று போகிற, தபால்மூல வாக்குக்கு விண்ணப்பிக்கக்கூடியவர்களின் பட்டியலில் கடையில் நிற்பவனுக்கு இடமில்லை. 100 முதல் 150 கிலோமீட்டர் தூரம் போக வேண்டியவருக்கு ஒன்றரை நாள் லீவு கொடுக்க வேண்டும் என்று தேர்தல்கள் ஆணைக்குழு சொல்கிறது, தம்பியின் முதலாளியோ ஒரு நாளே பெரிசு என்கிறார். உள்ளூராட்சித் தேர்தல் நடந்த 2025 மே 6 செவ்வாய்க்கிழமை, அவன் வரவே இல்லை. கொழும்பில் வீட்டு வேலைக்கும் கார்மென்ட்ஸுக்கும் போன எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு இதே கதைதான். ஊரை விட்டு வேலைக்குப் போன எவரும் விண்ணப்பிக்கலாம், கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்தினால் போதும் என்று விதியை மாற்ற வேண்டும். வேலை கொடுப்பவரின் கையெழுத்து வேண்டும் என்று வைத்தால் திரும்பவும் முதலாளி தயவில்தான் நிற்க வேண்டி வரும்.

அடுத்த தடவை விண்ணப்பிக்கிற ஆசிரியர்களே, ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டு இடாப்பு விபரத்தை எடுத்துக்கொண்டு, அதைப் பார்த்தே படிவத்தை நிரப்புங்கள். ஞாபகத்தில் இருக்கிற இலக்கத்தை எழுதாதீர்கள்.