எங்க ஊரு பி.எச்.சி, அம்மாவோட சுகர் மாத்திரை: ஒரு வருஷ அனுபவம்

நர்சிங் மேல்படிப்புக்காக போன வருஷம் பூரா நான் படிச்சதெல்லாம் ஒரே விஷயத்தப் பத்தின ஆராய்ச்சிக் கட்டுரைங்கதான், ஜனங்க வைத்தியத்துக்கு வர்றத எது தடுக்குது, எது சுலபமாக்குதுன்னு. அதே வருஷந்தான் அம்மாவுக்கு சுகரும் பிரஷரும் இருக்குன்னு தெரிஞ்சது, எங்க ஊரு ஆரம்ப சுகாதார நிலையத்துலதான் (பி.எச்.சி) மாத்திரை வாங்குறோம். அதனால ரெண்டையும் சேத்து வச்சு இந்த ரிவ்யூ.

முதல்ல நல்லது. மாத்திரைக்கு பைசா கிடையாது, ஸ்டாக் இல்லன்னு ஒரு தடவகூட திருப்பி அனுப்பினதில்ல. 1994-ல ஆரம்பிச்ச தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்த மாநிலத்துக்கும் ஒரே இடத்துல கொள்முதல் பண்ணி மாவட்டக் கிடங்கு வழியா அனுப்புறதுதான் இதுக்குக் காரணம், இத நான் ரொம்பப் பெருமையா சொல்லுவேன். அப்புறம் டவுன் பஸ். 2021 மே மாசத்துல இருந்து சாதாரண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லைங்கறது ஆஸ்பத்திரித் திட்டமே கிடையாது, ஆனா "பஸ்ஸுக்கு காசு குடு"ன்னு அம்மா யார்கிட்டயும் கேக்காம கிளம்பிப் போறாங்கன்னா அதுக்கு அந்த பஸ்தான் காரணம்.

சரி, எல்லாம் இலவசம்னா அப்புறம் ஏன் அம்மா மூணு மாசம் மாத்திரை போடாம விட்டாங்க?

ஒரு பிரச்சனை டெஸ்ட் நாள். வெறும் வயித்துல ரத்தம் குடுக்கணும், சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி குடுக்கணும். ஏழரைக்குப் போய் சீட்டு போட்டாலும் வெளிய வர மதியம் ஒரு மணி ஆயிடும், அன்னிக்கு நூறு நாள் வேலை போச்சு, கூலியும் போச்சு. உக்காந்து சாப்பிட ஒரு இடமில்ல, அம்மா வேப்பமரத்தடியில நின்னுக்கிட்டே இட்லி சாப்பிட்டத நானே பாத்தேன், மனசு கேக்கல. 2013-ல லெவெஸ்க், ஹாரிஸ், ரஸ்ஸல்னு மூணு பேர் எழுதின ஒரு கட்டுரை இருக்கு, வைத்திய வசதி எப்படி இருக்குன்னு மட்டும் பாத்தா பத்தாது, அதத் தேடிப் போகவும், போய்ச் சேரவும், செலவ தாங்கவும் அந்த மனுஷனால முடியுதான்னும் பாக்கணும்னு சொல்லுவாங்க. மரத்தடியில அம்மாவப் பாத்தப்புறந்தான் எனக்கு அது முழுசா புரிஞ்சது.

இன்னொண்ணு, மாத்திரை அட்டைய கத்திரியில வெட்டிக் குடுக்குறாங்க, வெட்டுறப்போ பேரு அந்தப் பக்கம் போயிடுது. அம்மாவுக்கு சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் "பெரிய வெள்ளை", பிரஷர் மாத்திரை அம்லோடிபின் "சின்ன வெள்ளை". ஒரு மாசம் வேற கம்பெனி மாத்திரை வந்து சைஸ் மாறினதும் பயந்துபோய் ரெண்டையும் போடாம ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு மூடி வச்சுட்டாங்க. அப்படியே மூணு மாசம் ஓடிடுச்சு. ஒரு சின்ன கவர்ல "காலை, ராத்திரி"ன்னு எழுதிக் குடுத்திருந்தா இது நடந்திருக்காது.

அத கண்டுபிடிச்சது மக்களைத் தேடி மருத்துவம்ங்கற அரசுத் திட்டத்துல வீடு தேடி வர்ற அக்கா. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துல தொடங்கின திட்டம், 2024-ல ஐ.நா விருதும் வாங்குச்சு. அந்த அக்கா எங்க தெருதான், மகளிர் குழுவுல இருந்து வந்தவங்க. திண்ணையில உக்காந்து பிரஷர் மெஷின கையில சுத்திக்கிட்டே "எங்க பெரிம்மா, மாத்திரைய எடுத்துட்டு வாங்க பாப்போம்"னாங்க, பாட்டில் வெளிய வந்துருச்சு. டாக்டர்கிட்ட தலையாட்டிட்டு வர்ற அம்மா, அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாங்க.

ஆனா அதே தெருக்காரங்கறதே சில வீட்டுக்கு தடையாவும் இருக்கு. பொண்ணுக்கு வரன் பாக்குற ஒரு வீட்டுல, சுகர்னு வெளிய தெரிஞ்சிடுமோன்னு அவங்க வந்தா கதவே திறக்கறதில்ல. ஒருத்தர வர வைக்கிற அதே விஷயம் இன்னொருத்தர ஒதுங்க வைக்குது, இத எந்த மார்க்குலயும் அடக்க முடியல.

பி.எச்.சி-க்கு அஞ்சுக்கு மூணரை, வீட்டுக்கு வர்ற அக்காவுக்கு அஞ்சுக்கு அஞ்சு. டெஸ்டுக்குப் போறவங்க டிபனும் தண்ணியும் கையோட எடுத்துட்டுப் போங்க, நோட்டுல மாத்திரை பேர ஃபார்மசியிலயே கேட்டு எழுதி வாங்கிடுங்க, அட்டைய வெட்டறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்குங்க.