ஐ5-7400-இலிருந்து ரைசன் 5 5600: முடிவு எடுத்தது ராம்தான்

நாலு கோர் (ப்ராசசருக்குள் வேலை செய்யும் அலகு), நாலு த்ரெட் (ஒரே நேரத்தில் கவனிக்கும் வேலை வரிசை). 2017-இல் வந்த இன்டெல் ஐ5-7400 ப்ராசசரை இத்தனை நாள் ஓட்டியதே பெரிய விஷயம், ஆனால் அதோடு ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டைப் போட்ட பிறகுதான் மிஷின் எங்கே திணறுகிறது என்று தெரிந்தது. சராசரி ஃப்ரேம் கணக்கு (நொடிக்கு எத்தனை படம்) நன்றாகத்தான் காட்டும். ஓபன் வேர்ல்டு கேமில் கூட்டமான தெருவுக்குள் காரை விட்டால் படம் நின்று நின்று வரும், ப்ராசசர் 100 சதவீதத்தில் மூச்சு வாங்கும், கார்டு பாதி வேலைகூட இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்.

இதே சந்தேகம் இருப்பவர்கள் காசை எடுக்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். ரெசல்யூஷனையும் கிராஃபிக்ஸ் செட்டிங்குகளையும் அடிமட்டத்துக்கு இறக்குங்கள். ஃப்ரேம் ஏறினால் தடை கார்டில், ஏறவில்லை என்றால் பெரும்பாலும் ப்ராசசரில். எனக்கு ஏறவே இல்லை.

ப்ராசசரை மட்டும் மாற்றலாம் என்றால் என்னுடையது பி250 மதர்போர்டு. இன்டெலின் 8ஆம் தலைமுறை ப்ராசசர்களுக்கும் அதே எல்ஜிஏ1151 சாக்கெட்தான் (ப்ராசசர் உட்காரும் இடம்), ஆனால் போர்டில் 300 வரிசை சிப்செட் இல்லாமல் ஓடாது என்று இன்டெல் கதவைச் சாத்திவிட்டது. ஐ7-7700 பழையதாகக் கிடைத்தால் போடலாம், அதுவும் நாலு கோர்தான், த்ரெட் மட்டும் எட்டு. என் ஐ5, இந்த ஐ7 இரண்டுமே விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலில் இல்லை, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. சரி, போர்டும் போகட்டும் என்று இறங்கினேன்.

இங்கேதான் பலர் ப்ராசசர் அட்டவணைகளை மாய்ந்து மாய்ந்து ஒப்பிடுகிறார்கள், நானும் ஒரு வாரம் அதையே செய்தேன். அப்புறம்தான் கையில் என்ன ராம் இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது. என்னிடம் 8 ஜிபி டிடிஆர்4 இரண்டு குச்சி, 3200 வேகத்துக்கானவை. பழைய போர்டு 2400-க்கு மேல் விடாததால் அந்த வேகத்தை நான் ஒரு நாளும் அனுபவித்ததில்லை. ஏஎம்டியின் புதிய ஏஎம்5 சாக்கெட் பக்கம் போனால் அடுத்த தலைமுறை ராமான டிடிஆர்5 மட்டும்தான், அதாவது ப்ராசசர், போர்டு, ராம் மூன்றும் புதிது. 2022-இல் வந்த அந்த சாக்கெட்டுக்கு 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது, ஆகவே கையில் எதுவுமே இல்லாமல் புதிதாகக் கட்டுபவர் யோசிக்காமல் ரைசன் 5 7600 பக்கம் போகலாம். ராம் இருப்பவனுக்குக் கணக்கு வேறு.

டிடிஆர்4-இல் எனக்கு மிஞ்சியவை ஐ3-12100எஃப், ஐ5-12400எஃப், ரைசன் 5 5500, 5600. முதலாவது நல்ல சரக்குதான், ஆனால் நாலு கோரிலிருந்து தப்பிக்க வந்தவன் மறுபடி நாலு கோர் வாங்குவதா? 5500 பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஆறு கோர் இருந்தாலும் ப்ராசசருக்குள் இருக்கும் அதிவேக நினைவகமான எல்3 கேஷ் 16 எம்பிதான், 5600-இல் 32. கார்டை இணைக்கும் பாதையான பிசிஐஇயும் 3.0-ஓடு நின்றுவிடும். ஆர்எக்ஸ் 6600 எட்டு லேன் மட்டுமே பயன்படுத்தும் கார்டு, 3.0-இல் போட்டால் 4.0-இல் கிடைக்கும் வேகத்தில் பாதிதான். கார்டிலேயே 8 ஜிபி நினைவகம் இருப்பதால் பெரிய அடி விழாது, நாலே லேன் உள்ள 6500 எக்ஸ்டி வைத்திருப்பவர்களுக்கு நன்றாகவே விழும்.

12400எஃப்-க்கும் 5600-க்கும் கேமில் பெரிய வித்தியாசம் கிடையாது, இரண்டிலும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். நான் 5600-ஐ எடுத்ததற்குக் காரணம் போர்டுதான். என் பட்ஜெட்டில் இன்டெல் பக்கம் அகப்பட்டதெல்லாம் ராம் வேகத்தை ஏற்றவிடாத எச்610 போர்டுகள், ப்ராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம் மேல் வெப்பம் தணிக்கும் ஹீட்சிங்க்கூட இல்லாமல். 5600 உட்காரும் ஏஎம்4 சாக்கெட் பக்கம் அதே பட்ஜெட்டுக்குள் நாலு ராம் ஸ்லாட், ஹீட்சிங்க், பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பிக்கும் ஃப்ளாஷ்பேக் பொத்தான் எல்லாம் உள்ள ஒரு பி550 வந்தது.

அந்தப் பொத்தானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பி550 வந்தது 2020-இல், 5600 வந்தது 2022 ஏப்ரலில். கடைக்காரர் "அதெல்லாம் ஓடும் சார்" என்றார். மாட்டினேன், மின்விசிறி சுற்றுகிறது, திரை கருப்பு. ராமைக் கழற்றி மாட்டினேன், கார்டைக் கழற்றி மாட்டினேன், அரை நாள் போனது. பெட்டியின் ஓரத்தில் தேதி பார்த்தால் போர்டு பழைய இருப்பு, அதன் பயாஸுக்கு 5600-ஐத் தெரியாது. பென் டிரைவில் புதிய பயாஸை இறக்கி, போர்டு கம்பெனி சொன்ன பெயருக்கு மாற்றி, பின்பக்க யுஎஸ்பியில் சொருகிப் பொத்தானை அழுத்தினேன், விளக்கு மினுக்கி அணைந்ததும் எழுந்துவிட்டது. இந்த வசதி இல்லாத போர்டு என்றால் வேறொரு பழைய ரைசனைக் கடன் வாங்கத் தெருத்தெருவாக அலைந்திருப்பேன்.

கூலர் இன்னொரு கூத்து. உடன் வரும் ரெய்த் ஸ்டெல்த் திருகு வைத்து மாட்டுவது, அதற்கு முன் போர்டில் இருக்கும் பிளாஸ்டிக் கொக்கிகளைக் கழற்ற வேண்டும். கழற்றியதும் பின்பக்கத் தகடு தொப்பென்று கீழே விழும். போர்டை கேஸுக்குள் பொருத்துவதற்கு முன்பே செய்துவிடுங்கள், இல்லையென்றால் மூன்றாவது கை தேவைப்படும். பிற்காலத்தில் கூலரைக் கழற்றும்போது இழுத்துப் பிடுங்காமல் லேசாகத் திருகி எடுங்கள், ஏஎம்4-இல் ஊசிகள் ப்ராசசரில்தான், வெப்பம் கடத்தும் பேஸ்ட் ஒட்டிக்கொண்டு ப்ராசசரும் சேர்ந்து வந்து வளைந்துபோன கதைகள் நிறைய.

முதல்முறை எழுந்தவுடன் பயாஸுக்குள் போய் ராமின் வேக அமைப்பான எக்ஸ்எம்பியைப் போட்டேன், இல்லையென்றால் ராம் தன் முழு வேகத்துக்கு வராது. ரைசனுக்கு ராம் வேகம் நன்றாகவே உறைக்கும்.

இப்போது அதே தெரு, அதே கார். திணறல் போயே போச்சு, கார்டு 90 சதவீதத்துக்கு மேல் வேலை செய்கிறது. உச்ச ஃப்ரேம் பெரிதாகக் கூடவில்லை, அதை எதிர்பார்த்து மாற்றுபவர்கள் ஏமாறுவார்கள். கூலர் சத்தம் கேமின்போது காதில் விழுகிறது, வெப்பம் பயப்படும்படி இல்லை, பழைய 450 வாட் பவர் சப்ளையே தாங்குகிறது.

போர்டில் எரிச்சல் ஒன்று உண்டு. முதல் எம்.2 ஸ்லாட் கூலருக்கும் கார்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறது, எஸ்எஸ்டியைத் தொட வேண்டுமானால் கார்டைக் கழற்றித்தான் ஆகணும். இரண்டாவது ஸ்லாட் தாராளமாகக் கீழே இருக்கிறது, ஆனால் அது பிசிஐஇ 3.0. ஏஎம்4-க்கு இனிப் பெரிதாகப் புதியது வரப்போவதில்லை என்பதும் தெரியும். நாளைக்கு ரைசன் 7 5700எக்ஸ்3டி ப்ராசசர் பழையதாக ஒன்று சிக்கினால் இதே போர்டில் 96 எம்பி கேஷோடு உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான் என் ஆசை.

பழைய ஐ5-உம் பி250-உம் அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன. தம்பிக்குக் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்தேன், அப்புறம்தான் உறைத்தது, அதன் ராம் இப்போது என் மிஷினில்.