பழைய ரோட்ஸ்டரும் 26 என்ற இலக்கமும்

என்னுடையது 1991-இல் செய்த யூனோஸ் ரோட்ஸ்டர். மற்ற நாடுகளில் மஸ்டா எம்.எக்ஸ்-5 என்று விற்கப்பட்ட அதே கார். 1.6 லீற்றர் எஞ்சின், இரண்டே சீற், எடை 950 கிலோ அளவில். 2018-இல் கொழும்பில் வாங்கி ஏ9 நெடுஞ்சாலை வழியாக யாழ்ப்பாணத்துக்கு நானே ஓட்டிவந்தேன். வவுனியா தாண்டியதும் மனம் சோர்ந்துவிட்டது. றோட்டில் சின்ன ஒட்டு வந்தாலும் கார் துள்ளியது. ஸ்ரியரிங் கைக்குள் நடுங்கிக்கொண்டே இருந்தது. ஆசைப்பட்டு வாங்கிய கார் இப்படியா என்று இருந்தது.

ஷொக் அப்சோபர் போய்விட்டது என்று நினைத்து நாலையும் மாற்றினேன். நல்ல காசு. துள்ளல் கொஞ்சம் குறைந்ததே தவிரப் போகவில்லை. ஒரு மாதம் கழித்து, கார் கழுவும்போது சாரதிக் கதவின் ஓரத்தில் மங்கிய ஸ்ரிக்கர் ஒன்று கண்ணில் பட்டது. ஜப்பான் எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் 185/60 என்ற ரயர் அளவும் அதன் பக்கத்தில் 1.8 என்பதும் தெரிந்தன. ரயருக்கு அடிக்கவேண்டிய காற்றழுத்தம் அது: ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 1.8 கிலோ, அதாவது ஏறத்தாழ 26 பி.எஸ்.ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்). என் ரயர்களில் அன்று இருந்தது 36.

26 என்றால் இங்கே ஒருவரும் நம்பமாட்டார்கள். வழக்கமாகக் காற்று அடிக்கிற கடையில் சொன்னபோது, அண்ணை குழாயைக் கையில் வைத்துக்கொண்டே, "தம்பி, எல்லாக் காருக்கும் 32 தானே அடிக்கிறனாங்கள். 26 எண்டால் ரயர் நசிஞ்சு போகும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அவரிடம் வருகிறவை ஐந்து பேர் ஏறுகிற கார்களும் வான்களும். என் காரில் இரண்டு பேர் ஏறினாலும் மொத்தம் 1,100 கிலோ வராது. அந்த ரயரின் சுமை எண் 82. ஒரு ரயர் 475 கிலோ வரை தாங்கும் என்பது அதன் பொருள். என் காரில் ஒரு ரயருக்கு வருவது 275 கிலோ. இவ்வளவு குறைந்த பாரத்துக்கு 32 அடித்தால் ரயரின் நடுப்பகுதிதான் கூடுதலாக றோட்டில் பதியும். கழற்றிப் பார்த்தபோது நடுவில் தேய்ந்து, இரு கரையிலும் பூ (றப்பரில் வெட்டியிருக்கும் கோடுகள்) அப்படியே இருந்தது. ரயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் 44 என்ற எண்ணைக் காட்டி வாதாடுகிறவர்களும் உண்டு. அது அந்த ரயர் தாங்கக்கூடிய உச்சம். உங்கள் காருக்கான அளவு கதவோரத்தில்தான் இருக்கும்.

சரி, 26 என்று முடிவெடுத்தேன். அடுத்த கேள்வி, எந்த மீற்றரில் 26? பெற்றோல் நிலையத்து மீற்றரில் 26 வைத்து வீட்டுக்கு வந்து, புதிதாக வாங்கிய டிஜிற்றல் மீற்றரால் அளந்தால் 30 காட்டியது. நண்பர்களிடம் இன்னும் இரண்டு மீற்றர் வாங்கி ஒப்பிட்டேன். மூன்றும் அரை பி.எஸ்.ஐக்குள் ஒத்துப்போயின. அதன்பின் வெளி மீற்றர் எதையும் நான் நம்புவதில்லை. 12 வோல்ற் சின்னப் பம்ப் ஒன்று டிக்கியில் கிடக்கிறது. சொந்த மீற்றர் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம் என்பேன்.

எங்கள் வெயிலில் எப்போது அளக்கிறோம் என்பதும் பெரிய விசயம். ஒரு சித்திரை மாதக் காலை, பத்து மணிக்கு முற்றத்தில் அளந்தேன். கார் ஓடவேயில்லை. வேப்பமர நிழலில் இருந்த இடப்பக்க ரயர்கள் 26. வெயில் பட்ட வலப்பக்கம் இரண்டும் 28. கை வைத்துப் பார்த்தால் அந்தப் பக்க றப்பர் சுட்டது. இந்த அழுத்தத்தில் 10 பாகை சூடு கூடினால் 1.3 பி.எஸ்.ஐ வரை ஏறும். காரைநகர்த் தீவுக்குப் போய்வந்தால் இன்னும் 3, 4 ஏறும். தொடக்கத்தில் இது தெரியாமல், ஓடி வந்த சூட்டோடு காற்றை இறக்கி 26 ஆக்கிவிட்டேன். மறுநாள் விடிய 22 நின்றது. இப்போது காலை ஆறு மணிக்கு, வெயில் முற்றத்துக்கு வரமுன்னர்தான் அளக்கிறேன்.

அப்புறம் பரிசோதனை. பொன்னாலைப் பாலத்தால் காரைநகர் போகிற அதே றோட்டில், ஒவ்வொரு ஞாயிறும் ஒரு அளவு. 32-இல் முன்பக்கம் மிதக்கிற மாதிரி, வளைவில் பிடிப்பு சொல்லாமலே விடும். 30-இல் கொஞ்சம் பரவாயில்லை. 28-இல் கார் பேசத் தொடங்கியது. 26-இல் துள்ளல் முழுக்கப் போய், பாலத்தில் காற்று பக்கவாட்டில் அடித்தாலும் நேராக நின்றது. 24 இன்னும் மெதுமை, ஆனால் ஸ்ரியரிங்கைத் திருப்பினால் கார் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். கடைசியில் முன்னுக்கு 27, பின்னுக்கு 26 என்று வைத்து நாலு வருடம் ஓடினேன். அந்த நாலு வருடமும் ரயர் சமமாகத் தேய்ந்தது.

மெதுமை பிடிக்கும் என்று 22, 20 வரை இறக்குகிறவர்களுக்கு மழைக்காலத்தை ஞாபகப்படுத்த விரும்புகிறேன். தேங்கிய நீரில் ரயர் றோட்டைவிட்டு மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு சேர்ந்து ஏறும். நாசா ஆய்வாளர்கள் விமானச் சக்கரங்களை வைத்து 1963-இல் வெளியிட்ட கணக்கு அது. அதன்படி 26-க்கு மணிக்கு 85 கிலோமீற்றர், 20-க்கு 75 அளவில். பூ ஆழமாக இருந்தால் இதைவிடத் தாங்கும், தேய்ந்த ரயருக்கு இதுதான் கதி. ஏ9-இல் ஊருக்கு வெளியே 70 வரை போகலாம். ஐப்பசி மழையில் 20 பி.எஸ்.ஐயோடு ஆனையிறவு தாண்ட நான் துணியமாட்டேன்.

2022-இல் பெற்றோல் இல்லாமல் கார் நாலு மாதம் கொட்டிலுக்குள் நின்றது. நான் காற்றைக் கவனிக்கவில்லை. திரும்ப எடுத்தபோது டக், டக் என்று அடி. நின்ற இடத்தில் ரயர் தட்டையாகப் படிந்துவிட்டது. இருபது கிலோமீற்றர் ஓடியும் இரண்டு ரயர் சரிவரவில்லை. பக்கவாட்டில் இருந்த நாலு இலக்கம் 3214, அதாவது 2014-இன் 32-ஆவது வாரத்தில் செய்தது. றப்பர் ஏற்கெனவே இறுகியிருந்தது. அதிலிருந்து, மூன்று வாரத்துக்கு மேல் நிற்கப்போகிறது என்றால் 35 அடித்து, அதை ஒரு துண்டில் எழுதி ஸ்ரியரிங்கில் ஒட்டிவிடுவேன். எடுக்கிற அன்று முதல் வேலை அதை இறக்குவது.

நல்ல 14 அங்குல ரயர் கிடைக்காததால் 2023-இல் 195/50, 15 அங்குலத்துக்கு மாறினேன். அதன் சுமை எண்ணும் 82 தான், ஆகவே பாரக் கணக்கு மாறவில்லை. ஆனால் பக்கச்சுவர் உயரம் குறைவு. 26-இல் எங்கள் ஒழுங்கையின் பள்ளத்தில் இறங்கும்போது றிம்மில் அடிக்கிற சத்தம் கேட்டது. முன்னுக்கு 28, பின்னுக்கு 27 ஆக்கியதும் நின்றது. நைதரசன் அடிக்கச் சொன்னார்கள். சாதாரணக் காற்றிலேயே நைதரசன் 78 வீதம் இருக்கிறது. மாரியில் சில கடைக் குழாய்கள் தண்ணீரைத் துப்பும், அதுதான் எனக்குக் கவலை. சொந்தப் பம்புக்கு அதுவும் ஒரு காரணம்.

மிச்சம் உப்புக் காற்று. தீவுப் பக்கம் அடிக்கடி போவதால் அலோய் றிம்மின் உதட்டில் வெள்ளைப் பொடி பூத்து, ரயர் ஒட்டாமல் வாரத்துக்கு 3 பி.எஸ்.ஐ இறங்கிக்கொண்டிருந்தது. சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிக் குமிழியைக் கண்டுபிடித்தோம். கடை அண்ணையே ரயரைக் கழற்றி, விளிம்பைக் கம்பித் தூரிகையால் உரசி, பசை பூசித் திரும்பப் போட்டுத் தந்தார். மூன்று சக்கரம் இப்போது மாதத்துக்கு 1 கூட இறங்குவதில்லை. பின் இடது மட்டும் இன்று காலை 27-க்குப் பதிலாக 25 காட்டியது. குமிழி வால்வின் அடியில் வருகிறது. றப்பர் வெடித்திருக்கிறது. நாளைக்கு நாலு வால்வையும் மாற்றக் கொடுக்கிறேன்.